வெந்நீர்க் குளத்துக்கு விரிப்பு தேடிப் போன மூன்று நாள்

திருப்பதியில் இரண்டு நாள் தங்கியும் மலையேறாமல் திரும்பியவள் என்று எங்கள் தெருவில் இப்போது எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. நகரியிலிருந்து திருப்பதி ஒன்றும் தூர தேசம் இல்லை. பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். பிறந்ததிலிருந்து பத்துப் பன்னிரண்டு தடவை போயிருப்பேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு பஸ்ஸை விட்டு இறங்கி, மலைக்குப் போகும் இன்னொரு பஸ்ஸில் ஏறியதோடு சரி. மலைக்குக் கீழே ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊரில் பம்ப்செட்டும் தார்ப்பாயும் தண்ணீர்க் குழாயும் விற்கிறார்கள், அங்கேயும் மனிதர்கள் மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குகிறார்கள் என்பதையெல்லாம் இந்தத் தடவைதான் பார்த்தேன்.

போன காரியம் ஷீட் வாங்க. எங்கள் நைனா சாயப்பட்டறை வைத்திருக்கிறார். நூலுக்குச் சாயம் ஏற்றக் கொதிக்கும் தண்ணீர் வேண்டும், தண்ணீர் கொதிக்க விறகு வேண்டும், விறகு கிடைப்பது வருடா வருடம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. ஏழு பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு சூரியக் குளம் வெட்டுவது என்று முடிவு செய்தார்கள். முடிவு செய்யவைத்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி மட்டும் அல்ல, பள்ளிக்கூடத்துக்கே போன முதல் ஆள் நான்தான். இன்று சூரிய சக்தி வேலை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஜினியர். இதை நான் அங்கங்கே சொல்லிக்கொள்வதுண்டு.

சூரியக் குளம் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. அடியில் கெட்டியான உப்புத் தண்ணீர், மேலே நல்ல தண்ணீர். வெயில் அடிவரைக்கும் இறங்கி உப்புத் தண்ணீரைச் சூடாக்கும். சாதாரணக் குளத்தில் சூடான தண்ணீர் மேலே வந்து ஆறிவிடும். இதில் உப்பின் கனம் அதை மேலே விடாது. சூடு அடியிலேயே மாட்டிக்கொண்டு, கை வைத்தால் வெந்துபோகும் அளவுக்கு ஏறும். அந்தச் சூட்டைக் குழாய் விட்டுப் பட்டறைக்கு இழுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சங்கடம், குளத்தில் லாரி லாரியாக உப்பைக் கொட்ட வேண்டும். அடியில் விரித்த ஷீட் ஒழுகினால் உப்பு மண்ணில் இறங்கிவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் தேசம்மா அக்காவின் மாந்தோப்பு, தோப்புக்கு நடுவில் அவருடைய கிணறு. இரண்டு தெருவுக்குக் குடிதண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான். தேசம்மா அக்கா கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால்தான் குளம் வெட்ட விடுவோம் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். நான் படம் வரைந்து எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாஞ் சரி பாப்பா. அந்த ஷீட்டு எங்க கீது?"

"இனிமேதான் அக்கா வாங்கணும். திருப்பதி போறேன்."

"நானும் வரேன். என் கெணத்தாண்ட விரிக்கிற ஷீட்ட நான் பாக்க வாணாமா?"

இப்படித்தான் நாங்கள் இருவர் ஆனோம்.

முதல் நாள் காலை பஸ்ஸில் என் மடியில் மூன்று ஹாட் பேக் டப்பாக்கள், காலடியில் ஐந்து கிலோ கல்லுப்பு. ஷீட் துண்டுகளைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு நானே சோதித்துப் பார்ப்பதாகத் திட்டம். ஒரு நாள் கொதிக்கவைத்து ஷீட்டின் ஆயுளைச் சொல்லிவிட முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு நாளே தாங்காததை ஒதுக்கிவிடலாம் அல்லவா?

எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் நாலைந்து பேர் ஏறினார்கள். எங்கள் பக்கத்து பஸ்களில் இது தினசரிக் காட்சி. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் எங்கேயோ சண்டை நடந்திருக்கிறது என்று நினைப்பார்கள். கையில் மூங்கில் பத்தையும் துணியுமாகக் கட்டியிருந்த ஒருவர் எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, என் உப்பு மூட்டையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"உப்பு கொட்ற வேண்டுதலா?" என்றார் கடைசியில்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "ஆமா நைனா. பொண்ணுக்கு வேண்டுதலு. ஊரெல்லாம் உப்பு கொட்டப் போவுது."

அவர் என்னைப் பார்த்து நல்ல கையை உயர்த்திக் கும்பிட்டார்.

திருப்பதியில் லாட்ஜ்காரர் பெயர் எழுதும்போதே கேட்டார், தரிசன டிக்கெட் இருக்கிறதா என்று. இல்லை, வேலையாக வந்திருக்கிறோம் என்றேன். தெலுங்கில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "எல்லோரும் ஏதாவது வேலையாகத்தான் வருகிறார்கள் அம்மா. அப்புறம் அவர் கூப்பிடுவார்." அவர் என்று சொல்லும்போது பேனாவால் மேலே மின்விசிறியைக் காட்டினார். டிபன் கடையில் சப்ளையர் கேட்டார். ஆட்டோக்காரர் கேட்கவே இல்லை, நேராக மலை பஸ் நிற்கும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டார். அங்கிருந்து தார்ப்பாய்க் கடைத் தெருவுக்குத் திரும்பி வர இன்னொரு ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. அதில் எங்களோடு மொட்டை போட்ட குடும்பம் ஒன்று, சின்னது பெரியதாக ஏழு தலைகள், சந்தனம் பூசி, ஒரே வாசனையாக. அக்கா அந்த ஏழு தலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எதையோ கணக்குப் போடுகிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் கடையில் முதலாளி நல்ல பருமன். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு.

"குண்ட்டக்கா ஷீட்டு? கொளத்துக்கா? மீனா, எறாலா?"

"ரெண்டும் இல்ல சார். அதுல உசிரு எதுவும் இருக்காது. உப்புத் தண்ணி, நல்லா கொதிக்கிற சூட்டுல இருக்கும்."

அவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "மீனை விட்டு வளர்த்து, அப்டியே வேக வெச்சி எடுக்கவா?"

நான் படத்தை விரித்து, உப்பின் அடர்த்தி, வெப்பம், அடுக்கு என்று விளக்கினேன். கடையில் வேலை செய்யும் இரண்டு பேரும், கயிறு வாங்க வந்த ஒருவரும் கூடிவிட்டார்கள். முடித்தபோது கயிறு வாங்க வந்தவர், "மேடம் சொல்றது வெந்நீர்க் கொளம்பா. குளுர் காலத்துக்குக் குளிக்க" என்று மற்றவர்களுக்குச் சுருக்கிச் சொன்னார். அதோடு எல்லோரும் திருப்தி அடைந்தார்கள்.

முதலாளி ஒரு கருப்பு ஷீட்டின் ஓரத்தைக் கொண்டுவந்து போட்டார். அதன் சோதனைச் சான்றிதழை நான் படித்துக்கொண்டிருந்தபோது, அக்கா ஷீட்டின் மூலையை வாயில் வைத்துக் கடித்து இழுத்தார்.

"அம்மா, அது துன்றது இல்ல," என்றார் முதலாளி.

"எலி துன்னாதா? எங்க தோப்புல எலி கீது." பல் பட்ட இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கீழே போட்டுக் குதிகாலால் திருகினார். கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் குத்தினார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். அந்த மூன்று நாளும் பார்த்தவர்களிடமெல்லாம் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"இது ஒழுவாதுன்னு உன் வாயால சொல்லுவியா?"

"கேரண்டி அம்மா! கம்பெனியே குடுக்குது."

"கம்பெனி என் கெணத்தாண்ட வந்து குந்திக்கினு இருக்குமா? நீ சொல்லு."

அவர் சொன்னார். இரண்டாவது கடையில் ஒல்லியான ஒருவர் வெங்கடேசன் படத்தைத் தொட்டுச் சொன்னார். மூன்றாவது கடையில் ஓர் இளைஞர் கைபேசியில் வீடியோ காட்டிச் சொன்னார். அதில் வெளிநாட்டில் எங்கேயோ ஒரு ஷீட்டின் மேல் கார் ஓடியது. மூன்று கடையிலும் ஒரே தடிமனில் ஆளுக்கொரு கைக்குட்டை அளவு துண்டு வாங்கிக்கொண்டேன். மூன்றும் கருப்பு. வெள்ளை மார்க்கரால் பெரிதாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினேன். அழியாத மார்க்கர் என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது.

இரண்டாம் நாள் விடியும்போது அக்காவின் கட்டில் காலி. லாட்ஜ்காரரிடம் ஒரு சேதி விட்டுப் போயிருந்தார்: மலைக்குப் போகிறேன், சாயங்காலம் வருவேன். லாட்ஜ்காரர் சாவியைக் கொடுத்தபடி, நான்தான் சொன்னேனே என்பது போல மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார்.

லாட்ஜில் வெந்நீர் அதிகாலையில் மூன்று மணி நேரம் மட்டும். அதுவும் குளிக்கும் சூடு. எனக்குக் கொதி வேண்டும். எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆரணிப் பக்கத்துத் தமிழர். நாள் முழுக்க உங்கள் கடையில் உட்கார்ந்து மணிக்கு ஒரு டீ குடிப்பேன், அரை மணிக்கு ஒரு தடவை கொதிக்கும் தண்ணீர் தர வேண்டும் என்று ஒப்பந்தம் பேசினேன். அவர் என் டப்பாவைத் திறந்து பார்த்தார். உப்புத் தண்ணீரில் கருப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது.

"கருவாடா?"

"இல்லண்ணா. பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக்கயா வேக வெக்கிறே?" என்றார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "கோயிலு ஊரு. கருவாடுன்னா கூட என்கிட்ட சொல்லலாம், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

பதினோரு டீ குடித்தேன். எங்கள் ஊர் டீயில் டிகாக்‌ஷன் தெரியும். இங்கே பாலும் சர்க்கரையும் இஞ்சியும் மோதிக்கொள்வதில் டீத்தூள் ஒதுங்கி நின்றுவிடுகிறது. டப்பாவில் ஆறிய தண்ணீரைக் கொட்டி, கொதிநீரும் உப்பும் போட்டு, கம்பியால் கிளறிக்கொண்டே இருந்தேன். யாத்திரிகர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கர்நாடகாவிலிருந்து வந்த ஒரு பாட்டி இது என்ன பிரசாதம் என்று கேட்டுக் கையை நீட்டினார்.

சாயங்காலம் தேசம்மா அக்கா வந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முழு மொட்டை. சந்தனம் காய்ந்து வெடித்து, கோடைக்கால ஏரி மாதிரி இருந்தது.

"அக்கா! இன்னாக்கா இது?"

"வேண்டிக்கினேன். கெணறு உப்பாவக் கூடாதுன்னு முடி குடுத்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருடம் படித்து, சான்றிதழ் சரிபார்த்து, நாள் முழுக்கப் பிளாஸ்டிக்கை வேகவைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு மொட்டையா?

"என் மேல நம்பிக்கை இல்லயா அக்கா?"

"உன் மேல கீது. ஷீட்டு மேலதான் இல்ல. நீ உன் வேலய பாரு, நான் என் வேலய பாத்துட்டேன். இந்தா லட்டு துன்னு."

லட்டைத் தின்றபடி டப்பாக்களைத் திறந்தேன். நல்ல பலன் தெரிந்தது. ஒரு துண்டு பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து விறைத்திருந்தது. ஒன்றில் அம்மை போட்டது போல் கொப்புளங்கள். ஒன்று மட்டும் போட்டபடியே வழவழவென்று இருந்தது. வெற்றி என்று அந்தத் துண்டைத் தூக்கித் திருப்பினேன். நம்பர் இல்லை. மற்ற இரண்டையும் பார்த்தேன். அவற்றிலும் இல்லை. டப்பாக்கள் மூன்றும் ஒரே அச்சு, எதில் எதைப் போட்டேன் என்று எங்கும் குறித்துவைக்கவில்லை. டப்பாவின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் வண்டல், அவ்வளவுதான் மிச்சம்.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டுகளைப் பார்த்தார்.

"எதுல எழுதின?"

"மார்க்கர்ல. அழியாதுன்னு போட்டிருந்தான்."

அக்கா லட்டை மென்று முடித்தார். பிறகு, "உங்க ஊட்ல ஒவ்வொரு நூல் கட்டுக்கும் சரடுல முடிச்சு போட்டுத் தொங்க உடுவாங்களே, அது எதுக்கு பாப்பா? அழகுக்கா?" என்றார்.

சாயப்பட்டறையில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட இது தெரியும். பல வீட்டு நூல் ஒரே தொட்டியில் வேகும். கொதியில் எந்த மையும் நிற்காது. அதனால் வீட்டுக்கு வீடு முடிச்சுக் கணக்கு: இவர்களுக்கு இரண்டு முடிச்சு, அவர்களுக்கு மூன்று, சேர்ந்தாற்போல் இரண்டும் தள்ளி ஒன்றும் என்றால் இன்னொருவர். நான் எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் முடிச்சைப் படித்தவள். அப்படிப்பட்டவள், கொதிதண்ணீரில் போடும் துண்டுக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த பெருமையில், நம்பர் எழுதியிருக்கிறேன். அன்று ராத்திரி நைனா போன் செய்தபோது நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அதற்கு முன்பே, கடைகள் மூடுவதற்குள், மூன்று துண்டையும் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கு ஓடினோம். பருமனான முதலாளி வழவழப்பானதைத் தொட்டுப் பார்த்து, "இது நம்மளுது. என் பிள்ளைய எனக்குத் தெரியாதா?" என்றார். ஒல்லியானவர் அதையே முகர்ந்து பார்த்துவிட்டுத் தன்னுடையது என்றார். வீடியோ இளைஞர் கைபேசி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அவரும் அப்படியே. அப்பளத்துக்கும் அம்மைக்கும் மட்டும் அந்தத் தெருவில் உரிமை கொண்டாட ஆள் இல்லை. அக்காவின் மொட்டைக்காக மூன்று கடையிலும் நாற்காலி கிடைத்தது, அதுதான் லாபம்.

கிளம்பும்போது அந்த இளைஞர் ஒரு உபகாரம் செய்தார். "நாங்க ரோல் விக்கிறதோட சரி மேடம். உங்க குளத்து அளவுக்கு ஒட்டிக் குடுக்கிறது சித்தூர்ல. மூணு கடை ஷீட்டும் அங்கதான் போவுது. எது எதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

ஒட்டுவது என்ற வார்த்தை ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. ரோலின் அகலம் ஏழு மீட்டர். எங்கள் குளம் அதைப் போலப் பல மடங்கு. நான் துணியைச் சோதித்திருக்கிறேன். தையலைச் சோதிக்கவில்லை.

மூன்றாம் நாள் சித்தூர் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆனால் ஆதார் காட்ட வேண்டும். கண்டக்டர் அக்காவின் கார்டையும் தலையையும் பார்த்தார். தெலுங்கில் அவர் சொன்னது: "படத்தில் இருப்பது வேறு யாரோ அம்மா."

"மேல போயி கேளு. முடி அங்க கீது," என்றார் அக்கா.

பஸ் சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு டிக்கெட் கிழித்தார். புத்தலப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் படுத்துவிட்டது. டிரைவர் இறங்கி டயரை உதைத்தார். அதற்கும் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் சாலையோரத்தில் நின்றோம். வெயிலில் அக்காவின் தலை காய்ந்தது. என் பையிலிருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து நீட்டினேன். தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டார். "இதுக்காவது ஆவுதே," என்றார். அது அப்பளத் துண்டு. வளைவு தலைக்குச் சரியாக உட்கார்ந்தது.

சித்தூரில் இறங்கியபோது நல்ல பசி. ஏசி ஓட்டல் ஒன்றின் வாசலில் ராகி சங்கடி ஸ்பெஷல் என்று பலகை வைத்திருந்தார்கள். வந்தது எங்கள் வீட்டுக் கேழ்வரகுக் களிதான், உருண்டைக்கு மேல் நெய்க்குழியும் பக்கத்தில் புளிச்சகீரையுமாக. "களிய ஏசியில வெச்சிக் குடுக்கிறான்," என்று அக்கா பக்கத்து மேசைக்காரரிடம் புகார் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு உருண்டை கேட்டு வாங்கினார்.

ஒட்டும் ஷெட் ஊருக்கு வெளியே, மாம்பழக் கூழ் தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம். தரையெங்கும் கருப்பு ஷீட் வயல் மாதிரி விரிந்து கிடந்தது. மேஸ்திரி பெயர் பாஷா பாய். செருப்பைக் கழற்றச் சொன்னார். நான் மூன்று கடைகளையும் போன வரிசையில் சொன்னேன். அவர் என் மூன்று துண்டையும் கையில் வாங்கி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் தீக்குச்சியால் கருக்கி முகர்ந்தார்.

"இது மெழுகுவத்தி வாசனை, சுத்த சரக்கு. ரெண்டாவது கடை. மத்த ரெண்டும் பழச உருக்கிப் போட்டது."

வெங்கடேசன் படத்தைத் தொட்டுச் சொன்ன ஒல்லியானவர்தான் உண்மை சொல்லியிருக்கிறார். அக்கா மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

நான் ஒட்டு வைத்த துண்டுகள் கேட்டேன். பாஷா பாய் மூன்று கொடுத்தார், மூன்றும் அதே சுத்தச் சரக்கில். ஒன்று பசை நாடா போட்டுக் கையால் ஒட்டியது. இரண்டு சூட்டு மெஷினில் உருக்கி ஒட்டியவை. ஷெட்டில் அவர்கள் சோறு சமைக்கும் அடுப்பு இருந்தது. இந்தத் தடவை மார்க்கரை வெளியிலேயே எடுக்கவில்லை. ஓரத்தில் ஓட்டை போட்டு, என் துப்பட்டா நுனியிலிருந்து நூல் உருவி, ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு. முடிச்சுகளை அக்கா விரலால் எண்ணிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்று மணி நேரம் கொதித்தது. எடுத்து ஆறவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். ஒரு முடிச்சு, பசை போட்டது, வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. திருப்பதியில் ஒல்லியானவர் எழுதிக்கொடுத்த விலைச் சீட்டில் ஒட்டுக்கு என்று போட்டிருந்தது இந்தப் பசை நாடாவைத்தான், அன்று நான் அதைக் கவனிக்கவில்லை. துண்டு மட்டும் பார்த்து ஆர்டர் கொடுத்திருந்தால், முதல் கோடையிலேயே குளம் கிணற்றுக்குள் போயிருக்கும். இரண்டு முடிச்சை அக்கா காலால் மிதித்துக்கொண்டு நான் இழுத்தேன். அசையவில்லை. எனக்கு வாயெல்லாம் பல். மூன்று முடிச்சும் அதே மெஷின்தானே என்று அலட்சியமாக இழுத்தேன். நடுவில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்துகொண்டது.

பாஷா பாய் வாங்கிப் பார்த்தார். "தூசி. ஒட்டும்போது உள்ள தூசி இருந்திருக்கு. துடைச்சிட்டுதான் ஒட்டுறோம், காத்துல டெஸ்ட்டும் பண்றோம். ஆனா மேடம், மெஷின் புடிக்கிறது மனுஷன்தானே?"

அக்கா விரிந்து கிடந்த ஷீட்டின் ஓரமாக உட்கார்ந்தார். பாஷா பாயிடம் தன் கேள்வியைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"எல்லார் கிட்டயும் கேட்டுட்டேன். உன்ன மட்டும் கேக்கல. நீ சொல்லு பாப்பா. ஒழுவுமா ஒழுவாதா?"

ஒழுகாது என்று சொல்ல ஒரு விநாடி ஆகாது. சொன்னால் அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறலாம். ஏழு பட்டறைக்காரர்களும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒழுவலாம் அக்கா," என்றேன்.

பாஷா பாய் தலையைச் சொறிந்தார். வியாபாரம் தெரியாத பெண் என்று நினைத்திருப்பார். நான் தரையில் சாக்பீஸால் வரைய ஆரம்பித்தேன். ஷீட் ஒன்று இல்லை, இரண்டு. அடியில் ஒன்று, அதற்கு மேல் ஒன்று. நடுவில் கொஞ்சம் மணல், ஒரு பக்கம் சரிவு, சரிவின் முடிவில் குழாய், குழாயின் முடிவில் வேலி ஓரமாக ஒரு சிமெண்ட் குழி. மேல் ஷீட் ஒழுகினால் தண்ணீர் அந்தக் குழிக்குத்தான் வரும். குழியில் ஒரு சொட்டு தெரிந்தாலும் குளத்தை இறைத்துவிட்டு அடைக்கலாம். கிணற்றுக்கும் உப்புக்கும் நடுவில் அப்போதும் ஒரு ஷீட் மிச்சம் இருக்கும்.

அக்கா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இது இப்ப ரோசன பண்ணதா?"

"இல்லக்கா. படிக்கும்போதே தெரியும். முதல்ல போட்ட பிளான்ல இருந்தது. நான்தான் எடுத்துட்டேன்."

"ஏன்?"

"நான் பொறுக்குற ஷீட்டு ஒழுவாதுன்னு நெனச்சேன்."

பாஷா பாய் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. மொட்டைத் தலையை உள்ளங்கையால் ஒரு தடவை தேய்த்துக்கொண்டார்.

"இத்த மொத நாளே சொல்லியிருந்தா, இந்த வெயில்ல எனக்கு முடியாவது இருந்திருக்கும்."

பையிலிருந்து பஞ்சாயத்துத் தாளை எடுத்து நீட்டினேன். அக்கா பேனாவை வாங்கவில்லை.

"அந்தக் குழிக்கு மூடி உண்டா?"

"போட்டுடலாம்."

"பூட்டு?"

"போடலாம் அக்கா."

"சாவி யார்கிட்ட?"

ஏழு பட்டறைக்காரர்களில் யாராவது ஒருவரிடம் என்று சொல்லப் போனேன். அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். தாளை ஷீட்டின் மேலேயே வைத்து, கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: குழியின் சாவி ஒன்றே ஒன்று, அது தேசம்மாவிடம் இருக்கும், அவர் தினமும் காலையில் திறந்து பார்ப்பார். எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதற்கு அப்புறம்தான் பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினார்.